பூவார் பொழிக்குப் பின்வாசல் வழி

எங்கள் ஊரில் யாரும் பூவாரைத் தீவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. பொழி என்போம், ஆறு கடலோடு சேரும் வாய். கன்னியாகுமரி மாவட்டம் கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஆடி மாதத்தில் கடல் இரைவது கேட்கும். அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நீரோடியோடு தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்த ஊர் பொழியூர், கேரளம். அதைத் தாண்டினால் நெய்யாறு கடலில் விழும் இடம். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். "பூவார் தீவு" என்ற பெயரை நான் முதலில் கேட்டது பெங்களூரில் வேலை பார்த்தபோதுதான். உடன் வேலை செய்த பெண் தேனிலவுக்குப் போய்வந்து படங்களைக் காட்டினாள். மிதக்கும் குடில்கள், தென்னை, பொன் நிற மணல். கடைசிப் படத்தில் தூரத்தில் ஒரு மாதாக் குருசடி தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இது நம் பொழி அல்லவா என்று உறைத்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கே திரும்பிவிட்டேன். மூன்று வருடம் முன்பு மதுரையிலிருந்து என் கணவரின் தங்கை குடும்பத்தோடு வந்தாள். "மைனி, பூவார் தீவு உங்க ஊருக்குப் பக்கத்துலதானே, கூட்டிட்டுப் போங்க" என்றாள். காரை எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கிளம்பினோம். மற்ற ஊர்க்காரர்கள் செய்யும் எல்லாத் தவறையும் அன்று நாங்களும் செய்தோம்.

பூவாருக்கு முன்னாலேயே ரோட்டில் ஒருவர் கையில் அட்டையோடு வண்டியை மறித்தார். படகுத்துறைக்கு வழி கேட்கப்போனோம். அவர் தன்னுடைய பைக்கில் முன்னால் போய் ஒரு துறையில் கொண்டுவிட்டார். ஒன்றரை மணி நேரம் என்று பேசிப் பணம் வாங்கினார்கள். இன்ஜின் படகு. எங்களுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து படகுகள். கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள் நுழைந்தபோது முன்னால் போன படகின் டீசல் புகை எங்கள் முகத்தில் அடித்தது. பறவை என்று ஓட்டுநர் கை காட்டிய இடத்தில் பறவை ஏற்கெனவே பறந்து போயிருந்தது. யானைப் பாறையைக் காட்டினார்கள், மணல்திட்டில் இறக்கிவிட்டு இருபது நிமிடம் என்றார்கள். கரைக்குத் திரும்பி மணி பார்த்தால் ஐம்பத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை. மிதக்கும் உணவகத்தில் ஒரு பொரித்த மீனுக்கு எங்கள் வீட்டின் ஒரு வார மீன் செலவைக் கொடுத்தோம்.

திரும்பும்போது அவள் தணிந்த குரலில், "இதுக்கா மைனி இவ்வளவு பேரு?" என்றாள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. அவள் மேல் கோபம் இல்லை. என் ஊர்த் தண்ணீரை இவளுக்கு நான் சரியாகக் காட்டவில்லையே என்ற ஆற்றாமை.

அம்மாதான் வழி சொன்னாள். "நீங்க பூவாருக்குப் போயிட்டு வந்திருக்கிய. பொழியூருக்குப் போகலியே" என்றாள். எங்கள் வீட்டுக்கு இருபது வருடத்துக்கு மேலாக மீன் கொண்டுவரும் மாமி பொழியூர்க்காரர். அலுமினியச் சருவத்தைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எங்கள் படியில் உட்கார்ந்து ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத்தான் போவார். மறுநாள் அவரிடம் கேட்டேன். சிரித்தார். "இதுக்கு என்னத்துக்கு மோளே காரு? வெள்ளன வா. ஆறு மணிக்கு முன்ன கரையில நிக்கணும். ஞாயித்துக்கிழமை மட்டும் வராதே, அன்னைக்கு ஆரும் கடலுக்குப் போகமாட்டினும்."

அவர் சொன்ன இதில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறு மாலையில் வருகிறார்கள். நான்கு மணிக்கு மேல் சூரியன் சாயும் வரைக்கும் படகுகள் முட்டிக்கொள்ளும். காலை ஆறிலிருந்து ஒன்பது மணி வரை அதே தண்ணீரில் அரவமே இருக்காது. ஞாயிறு இந்தக் கரை முழுக்க லத்தீன் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பூசை நாள், வலை காயும் நாள். மணலில் மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் கிழமை நாளில்தான் போக வேண்டும்.

இன்னொன்றும் எனக்கு அன்றுதான் புரிந்தது. தீவு என்று விற்கப்படும் நிலத்துக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நெய்யாறு, இன்னொரு பக்கம் ஏ.வி.எம். கால்வாய். பூவார்ப் பக்கத்துத் துறையிலிருந்து வருகிறவருக்குப் படகில்லாமல் வழி இல்லை, அதனால் அது தீவு. பொழியூரிலிருந்து வருகிறவருக்கு அது ஊரின் கடைக்கோடி. அங்குள்ள சில விடுதிகளின் தபால் முகவரியே பொழியூர்தான். முன்வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்பவர்களுக்குப் பின்வாசல் திறந்து கிடப்பது தெரிவதில்லை.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை, மகனையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். கரையில் கரமடி, அதாவது கரைவலை, இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சின்ன வயதில் பார்த்ததோடு சரி, மறந்தே போயிருந்தது. விடியுமுன் வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் இட்டுவிடுவார்கள். ஒரு கயிற்றின் நுனி கரையில் ஓரிடத்தில், மற்றது வெகு தூரம் தள்ளி இன்னோரிடத்தில். இரண்டு கூட்டமாக நின்று இழுக்கிறார்கள். கையால் மட்டும் இழுப்பதில்லை, உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை மணலில் புதைத்து, ஒரே தாளத்தில் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குகிறார்கள். கடைசி ஆள் கயிற்றை வளையமாகச் சுற்றுகிறார். பின்னால் வந்து சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு ஓடி முன்னால் பிடிக்கிறார். வலை கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இது நடந்தது. என் மகனை ஒரு பெரியவர் கூப்பிட்டு, "மக்களே, இங்ஙன பிடி" என்று கயிற்றில் சேர்த்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் அவன் உள்ளங்கை சிவந்துவிட்டது. விடமாட்டேன் என்றான்.

மடி, அதாவது வலையின் பை, கரையேறியபோது எல்லாரும் அதைச் சுற்றிக் குனிந்தோம். நெத்தோலி ஒரு குவியல், கொஞ்சம் சாளை, இரண்டு மூன்று கணவாய், பாதிக்கு மேல் சொறி என்னும் ஜெல்லிமீனும் பிளாஸ்டிக் உறையும். ஒருவர் முகமும் மலரவில்லை. அத்தனை பேர் அத்தனை நேரம் இழுத்ததற்கு இவ்வளவுதான். அதிலும் வலைக்காரருக்கும் வள்ளத்துக்கும் பங்கு போக மீதியைத்தான் இழுத்தவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். மணலில் கூறு வைத்ததும் ஏலம் தொடங்கியது. பெண்கள் கூட்டமாக நின்று விலை ஏற்றினார்கள். எங்கள் மாமியின் குரல் வீட்டுப் படியில் கேட்கும் குரலாக இல்லை, கணீரென்று இருந்தது. மூன்று விரல், ஐந்து விரல் என்று கை காட்டி, தலையை ஆட்டி, ஒரு கூற்றை எடுத்தார். எங்கள் வீட்டில் "இன்னும் ரெண்டு மீன் போடுங்க மாமி" என்று நாங்கள் கேட்கும் அந்த இரண்டு மீன் எங்கிருந்து வருகிறது என்பதை நாற்பது வயதில் நேரில் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வலை இழுக்கும்போது சிலர் செல்போனை நீட்டிக்கொண்டு நடுவில் வந்து நிற்கிறார்கள். கயிறு முறுக்கேறி நிற்கும் நேரம் அது, காலில் பட்டால் ஆளைச் சாய்த்துவிடும். அதைவிட, கேட்காமல் முகத்தைப் படம் பிடிப்பது அவர்களுக்கு வலிக்கிறது. மீன் வராத நாளின் முகத்தை யாரும் காட்சிக்கு வைக்க விரும்புவதில்லை. கயிற்றைக் கொஞ்ச நேரம் பிடியுங்கள், ஏலம் முடிந்த பிறகு ஒரு கூறு மீன் வாங்குங்கள், அதற்கப்புறம் கேட்டால் அவர்களே நின்று கொடுப்பார்கள்.

சாப்பாட்டை மாமி முன்பே சொல்லி வைத்திருந்தார். பெயர்ப்பலகை இல்லாத ஓட்டு வீட்டுத் திண்ணைக் கடை. மயக்கின மரச்சீனி (மசித்த மரவள்ளிக்கிழங்கு), தேங்காய் அரைத்துக் குடம்புளி போட்ட சாளைக் கறி, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்னும் துவையல். கறி நேற்று இரவே மண்சட்டியில் வைத்தது, அதனால் புளி உள்ளே இறங்கியிருந்தது. தட்டு வைத்த அக்கா நான் பேசியதை இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, "நீங்க அங்ஙன உள்ளவியதானே?" என்று மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறிவிட்டார். அவருடைய அம்மா வீடு நீரோடி. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டத்துத் தாலுகாக்களான விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாகாணத்துக்கு வந்தன, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு நடுவில் விழுந்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. நீங்கள் தமிழில் பேசினால் இந்தக் கரையில் பாதிப்பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள், உடைந்த மலையாளம் தேவையில்லை. முறை வைத்துக் கூப்பிடுங்கள். அண்ணன், மாமா, மாமி, அக்கா. 'ஹலோ' என்று கூப்பிட்டவருக்குக் கிடைக்கும் பதிலும் இதற்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்காது.

மாமியின் அண்ணனுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மாமா என்றுதான் கூப்பிட்டேன். முன்பு ஆழ்கடலுக்குப் போனவர், இப்போது துடுப்பும் கழியும் கொண்டு சின்ன வள்ளம் வைத்திருக்கிறார். கிளம்பும் முன் நேரத்தையும் தொகையையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டோம். ஆளுக்கு இவ்வளவு என்று வேண்டாம், வள்ளத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஒருவருக்கொருவர் சங்கடம் இருக்காது. உயிர்காப்புச் சட்டை நான் கேட்டதும் பக்கத்து விடுதிப் படகிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார். தண்ணீர் அசையாமல் கிடக்கிறதே, எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்களே, அதுவும் கரையிலிருந்து பார்க்கும் தூரத்துத் தண்ணீர்தான். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு, இருட்டும் நேரம். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் ஏறக்கூடாது என்று என் மகனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கழி ஊன்றும் சத்தம் மட்டும்தான். இன்ஜின் படகு நுழைய முடியாத ஓடைகளுக்குள் அவர் வள்ளத்தைத் திருப்பினார். தாழை இரண்டு பக்கமும் கவிந்து கிடக்கும், நாம் குனிய வேண்டும். கண்டல் வேர்கள் தண்ணீருக்கு மேலே விரல் ஊன்றி நிற்கின்றன. ஒரு வேரில் கையகல நண்டு ஏறிக்கொண்டிருந்தது. சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு ஒரு நீர்க்காகம், நாங்கள் மூன்று முழ தூரத்தில் போகும்வரை அசையவே இல்லை. முதல் தடவை பறந்துபோன பறவைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. செம்பருந்து ஒன்று தண்ணீரைக் கீறிக்கொண்டு மீனோடு எழுந்தது. மகன் பேசவே இல்லை. அவன் பேசாமலிருந்து நான் பார்த்தது அபூர்வம்.

அங்கிருந்து ஏ.வி.எம். கால்வாய்க்குள் கொஞ்ச தூரம் போனோம். எங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும், விரித்துச் சொல்லக் கேட்டால் பலருக்குத் தெரியாது. அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன். பத்மநாபசுவாமி பெயரும் இங்கிலாந்து ராணி பெயரும் மகாராஜா பெயரும். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் 1860இல் தொடங்கிய வேலை. பூவாரிலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளம் போகவேண்டும் என்பது திட்டம். கன்னியாகுமரி வரை போய்ச் சேரவில்லை. இப்போது பல இடத்தில் தூர்ந்தும் ஆக்கிரமித்தும் கிடக்கிறது. மாமாவின் அப்பா காலத்தில் இதில் தேங்காய்க் கதம்பல் (உரிமட்டை) ஏற்றிய வள்ளங்கள் போகுமாம். ஊறப்போட்ட கதம்பலின் வாடை இன்றைக்கும் ஓரிரண்டு இடத்தில் வருகிறது. எனக்கு அது பிடித்த வாடை, எங்கள் பாட்டி வீட்டுப் பின்புறம்.

அந்த நெய்யாற்றைப் பார்த்துக்கொண்டே போகும்போது எனக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. அகஸ்திய மலையில் பிறந்து ஐம்பத்தாறு கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு. இதன் அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாக எங்கள் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2004இலிருந்து நின்றுபோனது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்கள் மாமனார் நெல்லை விட்டு வாழைக்கும் ரப்பருக்கும் போனது இதனால்தான். அதே தண்ணீர் இங்கே கண்டல் வேரை நனைத்துக்கொண்டு கிடக்கிறது. மாமாவிடம் சொன்னேன். கழியை ஊன்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "வெள்ளத்துக்கு என்ன மோளே தெரியும்" என்று மட்டும் சொன்னார். இந்தக் கரையில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

பொழிமுகத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பொழி என்பது என்ன என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். மழை குறைந்த மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடுகிறது. ஆறு கடலைத் தொடாமல் பின்னாலேயே தேங்குகிறது. மழை வலுத்துத் தண்ணீர் வீட்டு முற்றங்களை நோக்கி ஏறும்போது மணலை வெட்டிவிடுவார்கள். பொழி முறிக்கிறது என்பார்கள். முதலில் மண்வெட்டி அகலத்துக்கு ஒரு சாலாகத்தான் ஓடுமாம், ஆற்றின் பாரமே கரைகளை அறுத்து அறுத்துச் சில மணி நேரத்தில் வாயைத் திறந்துவிடுமாம். அதனால் இன்று நீங்கள் நடந்த மணல் அடுத்த மாதம் அதே இடத்தில் இருக்காது. வலைத்தளப் படத்தைக் காட்டி "இந்த இடத்துக்குக் கூட்டிப்போங்கள்" என்று கேட்பதில் பொருளில்லை.

பொழிமுகத்தில் யாரும் தண்ணீரில் இறங்கவே கூடாது. முழங்கால் அளவு என்றுதான் தோன்றும். கரை செங்குத்தாகச் சரிகிறது, திறந்திருக்கும்போது ஆற்றின் இழுப்பும் அலையின் அடியும் ஒன்றாகச் சேர்கின்றன. நீந்தத் தெரிந்தவர்களும் திரும்பியதில்லை என்று மாமா தன் கையால் இழுத்துப் போட்டவர்களைப் பற்றிச் சொன்னார். மகனின் கையை நான் விடவே இல்லை.

திரும்பும் வழியில் மாமா வீட்டில் தண்ணீர் குடிக்க ஏறினோம். சுவரில் மாலை போட்ட படம், இருபத்தேழு வயதுப் பையன். கீழே 30.11.2017. ஒக்கி புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று எங்கள் பக்கத்துக் கரையிலும் பொழியூர், பூவார், விழிஞ்ஞம், பூந்துறை என்று அவர்கள் பக்கத்திலும் அன்று எத்தனையோ வீடுகளில் படம் மாட்டினார்கள். காற்று எல்லை பார்க்கவில்லை. படத்தில் இருந்தவன் மாமாவின் தங்கை மகன், அதாவது எங்கள் மீன்கார மாமியின் மகன். இத்தனை வருடம் எங்கள் படியில் உட்கார்ந்து சாயா குடித்தவர், இடையில் சில மாதம் வரவில்லை. வேறு தெருவுக்கு விற்கப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். யாரும் கேட்கவில்லை. அன்று மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் சொல்ல வரவில்லை. "போட்டு மோளே" என்றார் அவர், போகட்டும் என்று.

போக விரும்புகிறவர்களுக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். களியக்காவிளையிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ கொல்லங்கோடு, நீரோடி பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் பொழியூர் போகலாம். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து கேரள பஸ் இருக்கிறது. ரயிலென்றால் பாறசாலை. ஜூன், ஜூலையை விட்டுவிடுங்கள். கடல் மணலைத் தின்றிருக்கும், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் பக்கம் ஜூன் 1 முதல் 61 நாள், கேரளத்தில் 52 நாள், இரண்டும் ஜூலை 31இல் முடியும். சின்ன வள்ளங்கள் மட்டும் போகும், மீன் விலை எகிறும். ஐப்பசி அடைமழை விட்டபிறகு மாசி வரைக்கும் நல்ல காலம். விடுதியில் தங்க ஆசையிருந்தால் தங்குங்கள், அதில் வேலை செய்கிறவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். காலை ஐந்தரைக்கு எழுந்து வேலிக்கு வெளியே வாருங்கள், அது போதும். தின்பண்டத்தின் உறையைத் தண்ணீரில் போடாதீர்கள். போட்டால் அது நேராக மடியில்தான் வந்து விழுகிறது, நான் பார்த்தேன்.

போன தை மாதம் என் கணவரின் தங்கை மறுபடி வந்தாள். இந்தத் தடவை பொழியூருக்கு. கயிற்றைப் பிடித்தாள், மரச்சீனி தின்றாள், வள்ளத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது மாமி உப்புப் போட்டு உலர்த்திய நெத்தோலியை வாழைச்சருகில் பொதிந்து அவள் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. அவள் மதுரையிலிருந்து இப்போது மாமியிடம் நேராகவே போனில் பேசுகிறாள், என்னைக் கேட்பதில்லை. நேற்று மாமி சாயா குடிக்கும்போது சொன்னார்: "பொழி முறிச்சாச்சு மோளே. வெள்ளம் கலங்கிக் கிடக்கு. மதுரைக்காரியகிட்ட பத்து நாள் கழிச்சு வரச் சொல்லியாச்சு."